சுவரைப் பார்க்குமுன் கிராண்டைப் பாருங்கள்

(முதன்முறையாக வீடு வாங்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு)



சங்கத்துக்கு வரும் இளம் வியாபாரிகள் பலர் சமீப காலமாக நம்மிடம் கேட்பது ஒரே விஷயம். "தைப்பிங்கில் ஒரு வீடு வாங்கலாமென்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது? எதில் ஜாக்கிரதையாக இருப்பது?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கடையில் சரக்கு நிறுத்துக்கொண்டே பதில் சொல்வதைக் காட்டிலும், கண்டதையும் கேட்டதையும் ஒருமுறை எழுதிவிடுவது நலமென்று தோன்றியது. நாம் வக்கீலுமல்ல, ஆலிமுமல்ல, கடைக்காரர். ஆகையால் சட்டத்தின் நுணுக்கம் வேண்டுவோர் வக்கீலிடமும், மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிந்துகொள்க. அவர்களிடம் போகும்போது என்ன கேட்பது என்பதை இதில் சொல்கிறோம்.

கடையநல்லூரிலிருந்தும், பனைக்குளத்திலிருந்தும், சித்தார்கோட்டையிலிருந்தும் இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர்களுக்கு வீடு என்பது கடையின் மேல்மாடிதான். கீழே வியாபாரம், மேலே படுக்கை. குடும்பம் ஊரில். சேர்த்த பணமெல்லாம் ஊரில் மச்சு வீடாக எழும்பியது. இங்கே வாடகைச் சீட்டு மட்டும் மிஞ்சியது. அந்த வாடகையும் அற்பம். 1948-ம் வருடம் ஜனவரி 31-ந் தேதிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தபடியால், சொந்தக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. குடியிருப்பவரைச் சுலபமாகக் கிளப்பவும் முடியாது. 1966-ம் வருடத்து அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-ம் வருடம் அரசாங்கம் ரத்துச் செய்தது. இடைக்கால அவகாசமும் 1999 டிசம்பர் 31-ல் முடிந்தது. 2000-ம் ஆண்டு பிறந்தபோது, பினாங்கிலும் ஈப்போவிலும் இங்கேயும் பழைய கடைவீடுகளில் இருந்த எத்தனையோ பேருக்கு ஒரே சமயத்தில் கடைக்கும் இடம் தேட வேண்டியதாயிற்று, தலைசாய்க்கவும் இடம் தேட வேண்டியதாயிற்று. அன்று கஷ்டப்பட்டவர்களின் பிள்ளைகள்தாம் இன்று நம்மிடம் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே.

நம்மிடமிருந்து அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்கிய தோட்டத்து மக்களின் கதையும் இதற்கு வேறல்ல. லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலையோடு போயிற்று. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் மூன்று தலைமுறை இருந்த இடத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறினார்கள். அதைக் கண்டு பொறுக்காமல்தான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ம் வருடம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியையே மண்ணில் பங்காளியாக்க முயன்றார். பினாங்கில் கம்போங் புவா பாலா என்ற இடத்தில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள். ஆடு மாடும் தென்னையும் வைத்து வாழ்ந்தவர்கள். ஆனால் நிலத்தின் உரிமை அவர்கள் பேரில் இல்லை. 2009-ம் வருடம் வழக்கு அவர்களுக்குப் பாதகமாக முடிந்து, அந்த ஆண்டே வீடுகள் இடிபட்டன. எத்தனை வருடம் இருந்தோம் என்று கோர்ட்டில் சொல்லலாம். காகிதத்தில் யார் பேர் என்றுதான் கோர்ட்டு கேட்கும்.

பேர் யாருடையது?

இந்நாட்டில் 1965-ம் வருடத்து தேசிய நிலச் சட்டப்படி நிலம் என்பது பதிவேட்டில் எவர் பேர் ஏறியிருக்கிறதோ அவருடையது. பணம் யார் கொடுத்தார், தவணை யார் கட்டினார், யார் குடியிருக்கிறார் என்பவையெல்லாம் அதற்குப் பின்பு வரும் பேச்சு. நம்மவர்கள் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

நமக்கு நன்கு பழக்கமான பெரியவர் ஒருவர் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர். அதாவது நிரந்தர வாசி, பிரஜையல்ல. பிரஜையல்லாதவர் நிலமோ வீடோ வாங்குவதற்கு மாநில அரசின் முன்அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு யார் அலைவது என்று சலித்து, கமுந்திங் பக்கம் ஒரு டெரஸ் வீட்டைத் தமது மச்சினர் பேரில் வாங்கினார். மச்சினர் தங்கமான மனிதர். ஒன்பது வருடம் பெரியவர் மாதந்தவறாமல் பாங்கியில் ரொக்கம் கட்டினார். ரசீதெல்லாம் மச்சினர் பேரில் வந்தது. பத்தாம் வருடம் மச்சினர் திடீரென்று மௌத்தானார். அவருடைய பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. தகப்பனார் பேரில் ஒரு வீடு இருக்கிறது, மாமா அதில் குடியிருக்கிறார் என்றே அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல நம்மால் ஆகவில்லை. வக்கீலோ, "நம்பிக்கைச் சொத்து என்று வழக்காடலாம், எழுத்து ஏதும் உண்டா?" என்று கேட்டார். எழுத்து இல்லை. கடைசியில் ஜமாஅத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வீட்டை விற்றுப் பாதிப் பணம் பெரியவருக்கு என்று முடித்து வைத்தார்கள். பணத்தில் பாதி போயிற்று. அக்கா பிள்ளை, மாமன் என்ற போக்குவரத்து முழுவதும் போயிற்று.

கடையில் பத்து வெள்ளிப் பாக்கிக்குப் பேரேட்டைப் புரட்டும் நாம், மூன்று லட்சம் வெள்ளி விஷயத்தை ஒரு சலாத்திலும் கைகுலுக்கலிலும் முடித்து விடுகிறோம். திருமறையின் ஆயத்துக்களில் மிக நீளமானது சூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து என்பது மதரஸாவில் ஓதிய யாவருக்கும் தெரியும். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. உறவினருக்குள் எழுதிக்கொண்டால் நம்பிக்கையின்மை என்று வருத்தப்படுவோர் இதை நினைத்துப் பார்க்கட்டும். பிரஜையல்லாதவர்கள் அனுமதிக்கு மனுச் செய்யுங்கள். தாமதமானாலும் நேர்வழி அதுவே. பிரஜையான மனைவி மக்கள் பேரில் வாங்குவதானால், அது அவர்களுக்குக் கொடுத்ததா, உங்களுக்காக அவர்கள் வைத்திருப்பதா என்பதை வக்கீல் முன்னிலையில் எழுதி வையுங்கள்.

இனி மண்ணின் ஜாதி. வீட்டைக் காட்ட வருபவர் அடுப்படி ஓட்டையும் குளியலறைக் குழாயையும் காட்டுவார். நீங்கள் கிராண்டின் நகலைக் கேளுங்கள். நகல் கிடைத்ததும் அதைக் கொண்டு நில இலாகாவில் சொற்பக் கட்டணம் செலுத்தி 'சாரியான் ரஸ்மி' என்னும் அதிகாரபூர்வமான தேடுதல் செய்யலாம். உங்கள் வக்கீலும் செய்வார். அதில் சொந்தக்காரர் பேர், அடமானம், யாராவது 'கேவியட்' போட்டுத் தடுத்திருக்கிறார்களா, நிலம் நிரந்தர உரிமையா அல்லது குத்தகையா, என்ன நிபந்தனை, என்ன தடை என்பதெல்லாம் வந்துவிடும். அறுபது வருடக் குத்தகையோ, தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையோ ஆனால், மீதி எத்தனை வருடம் என்று எண்ணுங்கள். மீதி குறையக் குறையப் பாங்கி கடன் தரத் தயங்கும். விற்கப் போனாலும் வாங்குவோர் தயங்குவர். குத்தகை நிலத்தை மாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டியிருப்பதும் வழக்கம். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். அவசரக் காலத்தில் போக்கோ அசாம் போன்று எழுந்த புதுக்கிராமங்களில் வீடு பார்ப்பவர்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக லைசென்சில் இருக்கும் நிலமானால், சுவர் பளிங்கானாலும் வாங்காதீர்கள். அந்த லைசென்சை விற்கவும் முடியாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது.

மலாய் ரிசர்வ் நிலத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். தைப்பிங்கைச் சுற்றியுள்ள கம்பங்களில் விலை மலிவாக நல்ல வீடுகள் அகப்படுகின்றன. "நீங்களும் முஸ்லிம்தானே, பள்ளிவாசலும் பக்கத்தில்" என்று சொல்லுவோர் உண்டு. பேராக்கில் நடப்பது பழைய ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1933-ம் வருடத்து மலாய் ரிசர்வ் சட்டம். அதன்படி மலாய்க்காரர் என்பதற்கு மூன்று விஷயம் வேண்டும்: மலாய் இனத்தைச் சேர்ந்தவராயிருப்பது, மலாய் மொழியையோ அவ்வினத்து வேறொரு மொழியையோ வழக்கமாகப் பேசுவது, இஸ்லாத்தைப் பின்பற்றுவது. மூன்றில் கடைசி ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மாநிலத்துக்கு மாநிலம் இந்த விளக்கம் மாறும் என்பதால், கெடாவிலோ கிளந்தானிலோ இருக்கும் உறவினர் சொல்லும் யோசனை பேராக்குக்குப் பொருந்தாது. சட்டத்துக்கு மாறாக எழுதிக்கொண்ட மாற்றம் செல்லாது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதும் பெரும்பாடு. பூமிபுத்ரா கோட்டாவுக்கென்று ஒதுக்கிய தாமான் வீடுகளும் இவ்வாறே. பேரைப் பார்த்து ஏஜெண்டு விண்ணப்பத்தை எழுதி விடுவார். பின்னால் கேள்வி வரும்போது அவர் இருக்க மாட்டார். தள்ளுபடி விலைக்கு ஆசைப்படுமுன், உங்கள் தகுதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லாவும் பாங்கியும்

சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. ஊழியர் சேமநிதியும் இருக்கிறது, வீட்டுக்கென்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார். வியாபாரிக்குக் கல்லாதான். கல்லாவில் எவ்வளவு புரண்டாலும் பாங்கி மானேஜருக்கு அது தெரியாது. அவர் பார்ப்பது மூன்று: கடையின் ரிஜிஸ்தர், ஆறு மாதத்துப் பாங்கிக் கணக்கு, வருமான வரி கட்டிய பாரம். வரியைக் குறைப்பதற்காக வருமானத்தைக் குறைத்து எழுதிவிட்டு, கடன் கேட்கும்போது மட்டும் "மாதம் எட்டாயிரம் நிற்கும்" என்றால் யார் நம்புவார்? வீடு வாங்க எண்ணமிருந்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே அன்றாட விற்பனையைப் பாங்கியில் போட்டு எடுக்கப் பழகுங்கள். உள்ளதை உள்ளபடி கணக்கெழுதுங்கள். நிலையான வருமானச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளுக்காக அரசாங்கமே ஜாமீன் நிற்கும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று உண்டு, எஸ்.ஜே.கே.பி. என்று பாங்கிகளில் கேட்டால் சொல்வார்கள். அங்காடிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் அதனால் வீடு வாங்கியிருக்கிறார்கள். நம்மவர்கள் கேட்பதே இல்லை.

பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் உங்கள் பேருக்கு எதிராக என்ன இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லாரி வாங்கிய பங்காளிக்கு ஜாமீன் போட்டது மறந்திருக்கும். பதிவேடு மறக்காது.

செலவைக் கணக்கிடுவோம். மூன்று லட்சம் வெள்ளிக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்கி 90 சதவீதம் கொடுத்தால் கையிலிருந்து 30,000. கிரய மாற்றத்துக்கு முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 1 சதவீதமும் அடுத்த இரண்டு லட்சத்துக்கு 2 சதவீதமுமாக 5,000. கடன் பத்திரத்துக்கு அரை சதவீதம், 1,350. பிரஜைகளுக்கு, ஐந்து லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு இவ்விரண்டு வரியும் விலக்கு என்று 2021 முதல் சலுகை தரப்பட்டு வருகிறது. இது கெடு வைத்துத் தரும் சலுகையாதலால், நீங்கள் கையெழுத்திடும் தேதியில் அமலில் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்க. கிரய ஒப்பந்தத்துக்கும் கடன் பத்திரத்துக்குமாக வக்கீல் கட்டணம் இரண்டு முறை வரும். பழைய வீடானால் மதிப்பீட்டாளர் கட்டணமும் சேரும். அதன் பிறகு கதவுக்குக் கிரில், மின்விசிறி, அடுப்படி. மூன்று லட்சத்து வீட்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கையில் இல்லாமல் இறங்குவது நெஞ்சுரம்.

அந்தப் பணத்தைக் கடையின் கொள்முதல் பணத்திலிருந்து உருவக் கூடாது. ரமலானுக்குச் சரக்குப் போடும் மாதத்தில் முன்பணம் கட்டிவிட்டு, மொத்த வியாபாரியிடம் தவணை சொல்லி நின்றவர்களை நாம் அறிவோம். வீடும் வந்தது, பெருநாள் வியாபாரம் போயிற்று. சிலர் கூட்டு கட்டி முன்பணம் திரட்டுகிறார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971-ம் வருடச் சட்டப்படி குற்றம் என்பதும், தலைவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவும் வெட்கமாயிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொன்று. ஒற்றை ஆள் பேரில் ரிஜிஸ்தர் செய்த கடையின் கடனுக்கு அந்த ஆளே முழுப் பொறுப்பு. குடியிருக்கும் வீட்டைக் கடையின் ஓ.டி.க்கு ஈடு வைத்தால், கடை படுக்கும் நாளில் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். கடைக்கு வேறு ஈடு தேடுங்கள் என்பது நமது அபிப்பிராயம். இதில் நம்மோடு மாறுபடும் பெரிய வியாபாரிகள் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

வட்டியில்லாக் கடன் என்பது

1983-ல் பேங்க் இஸ்லாம் தொடங்கியது முதல், வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிமுக்கு இந்நாட்டில் வழி இருக்கிறது. இன்று அநேகமாக எல்லாப் பெரிய பாங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவு உண்டு. வட்டி ஹராம் என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் பலகையில் அரபி எழுத்தைக் கண்டதும் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது அறிவுடைமையாகாது.

ஆரம்ப காலத்தில் 'பய் பிதமன் ஆஜில்' என்ற முறை நடந்தது. பாங்கி வீட்டை வாங்கி, லாபம் வைத்து உங்களுக்குத் தவணைக்கு விற்கும். நாம் கடையில் மொத்தத்துக்கு வாங்கிச் சில்லறைக்குக் கடன் கொடுப்பது போலத்தான். சிக்கல் எங்கே வந்ததென்றால், நடுவில் தவணை தவறியபோது. அஃபின் பாங்கி ஒருவர் மேல் போட்ட வழக்கு 2006-ல் கோலாலம்பூர் ஹைக்கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. இருபத்தைந்து வருடத் தவணைக்கு விற்பனை விலை 9,92,363 வெள்ளி. சுமார் 33,000 வெள்ளி கட்டியபின் அவரால் கட்ட முடியாமற் போயிற்று. மிச்சமிருந்த 9,58,909 வெள்ளியையும், இன்னும் வராத வருடங்களின் லாபம் உள்பட, பாங்கி கேட்டது. வராத காலத்துக்கு லாபம் கேட்பது நியாயமல்லவென்று நீதிபதி மறுத்துவிட்டார். பின்னர் மேல்கோர்ட்டுகளில் வேறு வழக்குகளில் வேறு விதமாகவும் தீர்ப்புகள் வந்தன. முன்கூட்டி முடித்தால் மீதிக் காலத்து லாபத்தைத் தள்ளிக் கொடுக்கும் 'இப்ரா'வைப் பேங்க் நெகாரா கட்டாயமாக்கிய பின்புதான் இந்தக் கவலை தணிந்தது. உங்கள் பத்திரத்தில் 'இப்ரா' என்ற சொல் எங்கே இருக்கிறது, எப்படிக் கணக்கிடுவார்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது பெரும்பாலும் நடப்பது 'தவர்ருக்'. பாங்கி செம்பனை எண்ணெய் போன்ற சரக்கை வாங்கி உங்களுக்குத் தவணைக்கு விற்று, உங்கள் சார்பில் அதை ரொக்கத்துக்கு விற்று, அந்த ரொக்கம் வீட்டுக்காரருக்குப் போகிறது. இதற்கென்றே 2009-ல் புர்சா மலேசியாவில் ஒரு சந்தை தொடங்கினார்கள். இதன் பத்திரத்தைப் பார்த்து நம் சகோதரர் ஒருவர் பயந்து எழுந்து வந்துவிட்டார். 2,70,000 கடனுக்கு விற்பனை விலை எட்டரை லட்சம் என்று போட்டிருந்ததாம். அதன் காரணம் வேறு. விகிதம் ஏறி இறங்கும் கடனாதலால், உச்சவரம்பாக வருடம் 10 சதவீதம் என்று வைத்து முப்பது வருடத்துக்குக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். அன்றைய விகிதத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்ராவாகத் தள்ளப்படும். விகிதம் 4 சதவீதமானால், உண்மையில் கட்டுவது மாதம் சுமார் 1,290 வெள்ளி, முப்பது வருடத்தில் மொத்தம் சுமார் 4,64,000. அதுவும் சிறு தொகையல்லதான். இருபது வருடத்தில் முடிக்க முடியுமானால் முடித்துவிடுவது மேல்.

தவர்ருக் முறையை இந்நாட்டு ஷரீஅத் ஆலோசனை மன்றம் அனுமதித்திருக்கிறது. இஸ்லாமிய நாடுகளின் ஃபிக்ஹு அகாடமியோ 2009-ல் ஷார்ஜாவில் கூடியபோது, ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக்கை ஏற்கவில்லை. பாங்கியும் நீங்களும் வீட்டில் பங்காளிகளாகி, பாங்கியின் பங்கை நீங்கள் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் 'முஷாரகா முதனாகிஸா' என்ற முறையைச் சில பாங்கிகள் தருகின்றன; மனம் ஒப்பாதவர்கள் அதை விசாரிக்கலாம். இதற்குமேல் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று.

புது வீடும் பழைய வீடும்

டெவலப்பரிடம் கட்டிமுடியாத வீடு வாங்குவோருக்கு 1966-ம் வருடத்து வீடமைப்புச் சட்டம் பெரிய அரண். ஒப்பந்தம் அரசாங்கம் வகுத்த படிவத்தில்தான் இருக்க வேண்டும். நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு வருடம் 10 சதவீத வீதத்தில் நஷ்ட ஈடு. சாவி வாங்கி 24 மாதம் வரை குறைகளைச் செலவில்லாமல் திருத்தித் தரவேண்டும். சச்சரவானால் வீடு வாங்குவோர் டிரிபியூனல் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே முறையிடலாம். புக்கிங் பணம் என்று ஒப்பந்தத்துக்கு முன் வசூலிப்பதே விதிக்கு மாறானது. அப்படி வசூலித்தால், வீட்டை ஒப்படைக்கும் கெடு அந்தப் பணம் கொடுத்த நாளிலிருந்தே தொடங்கும் என்று ஃபெடரல் கோர்ட்டு 2021-ல் தீர்த்திருக்கிறது.

இந்த அரணைத் தாண்டி வெளியே நிற்க வைக்கும் தந்திரம் ஒன்று சிற்றூர்களில் உண்டு. "மனையை ஒரு ஒப்பந்தத்தில் வாங்குங்கள், வீடு கட்ட இன்னொரு ஒப்பந்தம் போடலாம், விலை இருபதாயிரம் குறையும்" என்பார்கள். அந்த இருபதாயிரத்துக்காக மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதையும் விட்டுக்கொடுக்க நேரும். டெவலப்பரின் லைசென்சையும் விளம்பர அனுமதியையும் எண்ணோடு கேட்டு, வீடமைப்பு அமைச்சில் சரிபாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மிளகு வாங்கினால் கையில் போட்டுக் கசக்கிப் பார்க்கிறோமல்லவா?

பழைய வீடானால், நம் ஊருக்கென்று இரண்டு சோதனை. தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங். வீட்டைக் காலையில் வெயிலில் பார்க்காதீர்கள். பிற்பகல் மழை கொட்டும்போது குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கூரையின் உள்தட்டில் மஞ்சள் கறை, மாடிச் சுவரில் பூஞ்சணம், வாசற்சாக்கடை நிறைந்து முற்றத்துக்குள் வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த வீடு என்றால் இரண்டு முறை போங்கள். மற்றது, இது ஈயம் தோண்டிய ஊர். லேக் கார்டனே 1880-ல் கைவிட்ட ஈயச் சுரங்கத்தில் உண்டாக்கியதுதான். கமுந்திங் வரையிலும் தூர்த்த குளங்கள் எத்தனையோ. சுவரின் மூலையில் ஜன்னலிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் கண்டால், நிலம் அமுங்குகிறதோ என்று ஓர் இஞ்சினீயரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் டீ குடித்தபடி, அங்கே முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்கள். ஏஜெண்டு சொல்லாததை அவர் சொல்வார். முன்பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போட வேண்டாம். ரிஜிஸ்தர் செய்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வக்கீலிடமோதான் கட்ட வேண்டும்.

உங்களுக்குப் பின்

இதை எழுத மனம் வரவில்லை, எழுதாமலிருக்கவும் கூடாது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வீடு வாங்கினால், ஒருவர் மௌத்தானதும் முழு வீடும் மற்றவருக்கு என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். இந்நாட்டுச் சட்டத்தில் அப்படியில்லை. கிராண்டில் ஆளுக்குப் பாதி என்றிருந்தால், இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்கு ஃபராயிள்படி போகும். பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. ஊரில் தாயும் தகப்பனும் உயிரோடிருந்தால் ஆளுக்கு ஆறில் ஒன்று. மீதியே பிள்ளைகளுக்கு, மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்காக. இது அல்லாஹ் வகுத்தது. இதில் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் பங்கைப் பிரிக்காமல் வருடக்கணக்காகப் போட்டு வைப்பது நம்முடைய செயல். வாரிசுகளில் ஒருவர் கடையநல்லூரில், ஒருவர் துபாயில், இருவர் மைனர் என்று ஆனபின், தைப்பிங்கில் இருக்கும் விதவை கூரை ஓட்டை மாற்றவும் எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே வீடு வாங்கும்போதே மூன்று காரியம் பாருங்கள். கடனுக்குத் தகாஃபுல் பாதுகாப்பு எடுத்தால், நீங்கள் போனபின் பாங்கிக் கடன் அதில் தீர்ந்து, வீடாவது கடனின்றி மிஞ்சும். முன்பணத்தில் மனைவியின் நகையும் போயிருந்தால், அந்த அளவுக்கு அவர் பேரையும் கிராண்டில் பங்காக ஏற்றுங்கள். அது தானமல்ல, அவருடைய சொத்து. உயிரோடிருக்கையிலேயே யாருக்காவது ஹிபா கொடுக்க எண்ணினால், வீடு பாங்கி ஈட்டில் இருக்கும்வரை பாங்கியின் சம்மதம் வேண்டும் என்பதை அறிந்து, முறையாக எழுதுங்கள். வஸிய்யத் எழுதி வாரிசுக்கே கூடுதலாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், மற்ற வாரிசுகள் இசையாவிட்டால் அது நிற்காது. மௌத்தான பின், நிலச் சொத்தைப் பங்கிட 1955-ம் வருடத்துச் சிறு ஆதனப் பங்கீட்டுச் சட்டப்படி நில இலாகாவிலேயே மனுச் செய்யலாம். கோர்ட்டுக்கு அலைவதைவிடச் செலவு குறைவு.

பேர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. நம்மவர் பேர்கள் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும், பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் இருக்கின்றன. முஹம்மது என்பதையே ஐந்து விதமாக எழுதுகிறார்கள். கிராண்டில் அடையாளக் கார்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று, வக்கீல் குமாஸ்தா படித்துக் காட்டும்போது கூடவே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் சத்தியப் பத்திரம், திருத்த மனு என்று பின்னால் பிள்ளைகள் அலைவார்கள்.

வீடு உங்கள் பேருக்கு மாறியதும், தைப்பிங் நகராண்மைக் கழகத்தில் சுக்காய் பிந்து பில்லையும், நில இலாகாவில் சுக்காய் தானா பில்லையும் உங்கள் விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய சொந்தக்காரர் பேரில் பில் அவர் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்து, கட்டாமல் பாக்கி ஏறிய வீடுகள் உண்டு. நில வரி கட்டாத நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. நில வரிக்குக் கெடு மே மாதம் 31-ந் தேதி. பள்ளி விடுமுறை, கலியாணம் என்று அந்தச் சமயத்தில் ஊருக்குப் போகிறவர்கள், விமான டிக்கெட் வாங்கும் அன்றே வரியையும் கட்டி ரசீதைக் கிராண்டோடு வைத்துவிட்டுப் போங்கள்.